இல்லையென்று சொல்லும் வகுப்பு

குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது அழகில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நின்றுகொண்டு போகிறவள் கண்ணை எங்கேதான் வைப்பது? "மச்சான், அவசரமா கொஞ்சம் காசு ஏலுமா? மாசக் கடைசில தாறன்" என்று தட்டினான். தென்னக்கும்புரப் பாலம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. "இல்லடா." இவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, யாரோ கொத்து ரொட்டி போடுகிற காணொளியைப் பார்க்கத் தொடங்கினான். முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டாயிற்று, இல்லையாம், அவ்வளவுதான்.

எனக்குத்தான் அது லேசில் முடியவில்லை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே யோசித்தேன். முன்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும் ஒரு பின்னேரம் முழுதாக வேண்டும். கேட்க வந்தவர் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார். வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுப்பார். யாருக்காவது காய்ச்சல் வந்திருந்தால் அது விசாரிக்கப்படும். எல்லாம் முடிந்து, எழும்பிச் செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் விஷயம் மெல்ல வெளியே வரும். இதையெல்லாம் நான் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளம் வாங்கிக்கொண்டு ஊராருக்கு 'இல்லை' சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதற்கு ஒரு பாடம் இருந்தது.

அது ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். பிள்ளைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் பணத்தைப் பராமரிக்கப் பழக்குவது அதன் வேலை. அப்பா அரசாங்கக் கச்சேரியில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தவர். அவருடைய மகளான நான் வணிகம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்ததால், விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன், எடுத்துக்கொண்டார்கள். என் சம்பளத்தில் மாதம் முடிகிறபோது ஒரு சதமும் மிஞ்சாது. அப்படிப்பட்ட நான்தான் சேமிப்பைப் பற்றி வகுப்பெடுத்தேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதற்கு நானே உதாரணம்.

என்னோடு வகுப்பெடுத்தவள் பரீனா. அவளுடைய வாப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை. கணக்கு அவளுக்கு இரத்தத்திலேயே ஓடியது. எனக்குப் புத்தகத்தில் மட்டும் ஓடியது. புதன்கிழமைகளில் தெல்தெனியாவுக்குப் போவோம், சனிக்கிழமைகளில் மஹய்யாவையில் வகுப்பு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஒரு மணித்தியாலம். அதன் பிறகு அவர்களுடைய தாய் தகப்பனும் வந்து சேர்ந்துகொள்வார்கள். மஹய்யாவை மண்டபத்துக்குக் கீழே ஒரு பேக்கரி இருந்தது. நாங்கள் கூட்டு வட்டி சொல்லிக்கொடுக்கும் நேரமாகப் பார்த்துத்தான் பின்னேரப் பாண் வேகும். அந்த வாசத்துக்கு முன்னால் எந்த வட்டியும் நிற்காது. இன்றைக்கும் எங்காவது சூடான பாண் மணத்தால் எனக்கு அசலும் வட்டியும் ஞாபகத்துக்கு வருகின்றன.

பாடப் புத்தகம் கொழும்பிலிருந்து வந்தது. வேறு எந்த நாட்டிலோ எழுதித் தமிழுக்கு மாற்றியது என்று பார்த்தவுடனேயே தெரியும். அதில் வருகிற குடும்பத்துக்கு ஒரு நாய் இருந்தது. நாய்க்கு மாதாமாதம் வைத்தியச் செலவு இருந்தது. ஆனால் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கோ, செத்த வீட்டுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ அந்தக் குடும்பம் ஒரு சதமும் ஒதுக்கியிருக்கவில்லை. "பாவம், இவங்களுக்குச் சொந்தக்காரங்களே இல்லையா மிஸ்?" என்று ஒரு பிள்ளை உண்மையான இரக்கத்தோடு கேட்டது எனக்கு மறக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில்தான் நான்காவதாக அந்தப் பாடம் வந்தது. 'இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.' கடன் கேட்டு வருகிறவரின் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும். காரணம் சொல்லக்கூடாது. ஒரே வசனத்தில் மறுக்க வேண்டும். ஒருவர் கேட்பவராகவும் மற்றவர் மறுப்பவராகவும் நடித்துப் பழக வேண்டும். கையில் கொடுக்கக் காகிதப் பணமும் புத்தகத்தோடு வந்திருந்தது.

நடித்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். காகிதப் பணம்தானே, மறுத்துத்தான் பாருங்களேன் என்று நான் கெஞ்சியும் ஒருவராலும் முடியவில்லை. ஒரு பிள்ளை கண்ணை நேராகப் பார்த்தது, வாயைத் திறந்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டு பணத்தை நீட்டிவிட்டது. "எப்புடி மிஸ் மூஞ்சிக்கு நேரா சொல்றது?" தெல்தெனியாவில் ஒரு தகப்பன் கேட்டதற்கு இரண்டு மடங்காகக் கொடுத்துவிட்டு, போகும்போது வீட்டுப் பலாக்காய் ஒன்றும் கொண்டுபோகச் சொன்னார். பரீனா பலகைப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு கேள்வி முளைத்தது. இவர்களில் பலருக்குக் கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கத்தான் செய்தது. ஒருவராலும் மறுக்க முடியாது என்றால் அது எப்படி மிஞ்சியது? அடுத்த கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதையே கேட்டேன். உண்மையில் உங்கள் வீட்டில் யாராவது கேட்டு வந்தால் என்ன சொல்வீர்கள்? மண்டபம் ஒரேயடியாகக் கலகலத்தது. சீட்டு இன்னும் விழவில்லை என்று சொல்வார்களாம். சாவியைத் தம்பி கொண்டுபோய்விட்டான் என்பார்களாம். பரீனாவின் வாப்பா, "காசெல்லாம் சாமான்ல இரிக்கி" என்று கடையைச் சுற்றிக் கையைக் காட்டுவாராம், எதிரே இருப்பவரும் ஆணிப் பெட்டிகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவாராம்.

எங்கள் வீடும் குறைந்ததில்லை. "பாஸ் புத்தகம் இவற்ற ஒபிஸ் அலுமாரிக்கை கிடக்கு" என்று அம்மா எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது எங்கள் வீட்டு அலுமாரியில் கூறைச் சேலை மடிப்புக்குள் இருப்பது எனக்கும் தெரியும், கேட்டவர்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒருவரும் 'எடுத்துப் பாருங்கோவன்' என்று சொன்னதில்லை. சாக்குச் சொன்னால் அதைத் தட்டிப் பார்க்கக்கூடாது. யார் எழுதி வைத்தார்களோ தெரியாது, யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் முஸ்லிம்களும் சண்டை சச்சரவில்லாமல் ஒத்துக்கொண்ட சட்டம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த ஆராய்ச்சியில் நான் மூழ்கியிருந்தபோதுதான் செல்வி அக்காவின் காப்புகள் குறுக்கே வந்தன.

செல்வி அக்கா எங்கள் மாணவி தர்ஷினியின் அம்மா. விடியப்புறம் இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்குக் கொடுப்பார். கணவர் கணேசன் அண்ணனுக்கு மாநகர சபையில் வேலை, மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்சக் காலம் செல்வி அக்கா ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். அதை விட்டு நின்றபோது கிடைத்த சேமலாப நிதியை ஒரு சதமும் கரைக்காமல் கனமான இரண்டு தங்கக் காப்புகளாகச் செய்து வைத்திருந்தார். அவை தர்ஷினியின் படிப்புக்கு. பல்கலைக்கழகம் கிடைத்தால் பிள்ளை கையில் போட்டுக்கொண்டு போகட்டும், கிடைக்காவிட்டால் விற்றாவது பார்மசி கோர்ஸுக்குக் கட்ட வேண்டும். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மருந்துச் சீட்டில் டொக்டர்மார் கிறுக்குவதைப் படிக்க அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு ஆசை. பக்கத்து வீட்டார் எல்லாம் தங்களுடைய மருந்துச் சீட்டுகளை அவளிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

கடன்களைப் பற்றிய பாடத்தன்று, இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கடன் யாருக்காவது உண்டா என்று கேட்டேன். செல்வி அக்கா கையை உயர்த்தினார். காப்புகள் இரண்டும் வங்கியில் அடகில் இருக்கின்றனவாம். எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை ஒரு குடைக்குப் போதும், நல்ல குடைக்குப் போதாது. வருடா வருடம் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறாராம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்படி ஒரு உதாரணம் தானாக வந்து மாட்டுமா? சோக்குக்கட்டியை எடுத்துப் பலகை முழுவதும் கணக்குப் போட்டேன். வட்டியாகக் கட்டியதே எடுத்த கடனைத் தாண்டப்போகிறது என்று காட்டினேன். நாளைக்கே மீட்டுவிடுங்கள் என்று முடித்தேன். பெண்கள் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஒங்கட கணக்கு சரி" என்றாள் பரீனா, குடையை விரித்துக்கொண்டு படி இறங்கும்போது. "ஆனா அவங்க கடன் எடுக்கல்ல. காப்ப ஒளிச்சு வச்சிரிக்காங்க."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. படித்த படிப்பு அப்படி. படிக்கட்டுத் திருப்பத்தில் செல்வி அக்காவுக்காகக் காத்து நின்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல இருந்தா கேப்பாங்க மிஸ். கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? பேங்க்ல இருக்குன்னு சொன்னா அது பொய்யும் இல்ல. இல்லன்னு சொன்ன பாவமும் இல்ல."

அன்றைக்குப் படி இறங்கியது எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு மனுஷி 'இல்லை' சொல்லாமல் இருப்பதற்காக வருடந்தோறும் வங்கிக்கு வட்டி கட்டுகிறார்! வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவேயில்லை. உங்கள் மாமிமார் இரண்டு பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். மஹய்யாவையில் மட்டும் இல்லை, தெல்தெனியாவிலும் அப்படித்தான். அடகுக்கடைப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் கஷ்டத்தில் போகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களில் சிலர் நகையைச் சொந்தக்காரரிடமிருந்து காப்பாற்றப் போய்க்கொண்டிருந்தார்கள்.

செல்வி அக்காவிடம் கேட்கக்கூடிய சொந்தக்காரர் யார் என்றும் தெரிந்தது. கணேசன் அண்ணனின் தம்பி சேகர். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஒன்றைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு வானை லீசிங்கில் எடுக்க வேண்டும், அதற்கு முற்பணம் வேண்டும். அவருக்கு இருந்த ஆசையைவிட அவருடைய மனைவி பவானிக்கு அவசரம் அதிகம். சேகர் இரண்டு தரம் வந்து காப்புகளைக் கேட்டிருக்கிறார். இரண்டு தரமும் வங்கியில் இருப்பதாகச் சொல்லி, சாப்பிட வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் ஒன்றும் பொல்லாத மனிதர் இல்லை என்பதுதான் செல்வி அக்காவின் சங்கடமே. தர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு பெரஹரா ஊர்வலம் காட்டியவர். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அவர் தோளை விட்டு இறங்க மாட்டாளாம். அப்படிப்பட்டவருக்கு எப்படி இல்லை என்பது?

பெறுபேறு வந்தது. தர்ஷினிக்குப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. பார்மசி கோர்ஸுக்கு அந்த மாதத்துக்குள் பெயர் பதிந்து பாதிக் கட்டணம் கட்ட வேண்டும், தவறினால் அடுத்த வருடம்தான். செல்வி அக்கா காப்புகளை மீட்டு, இந்தத் தடவை முழுப் பெறுமதிக்கும் உண்மையாகவே அடகு வைப்பதாக முடிவெடுத்தார். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அவர் வகுப்பில் சொன்ன அந்தக் குடைத் தொகை மண்டபத்துக்குள்ளேயே இருந்துவிடவில்லை. எங்கள் வகுப்பில் பவானியின் அயலவர் ஒருவரும் இருந்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து என்னையும் பரீனாவையும் செல்வி அக்கா இடியப்பம் சாப்பிட அழைத்திருந்தார். நல்ல மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நாங்கள் சாப்பிடத் தொடங்குவதற்குள் சேகர் நனைந்துகொண்டு வந்தார். தலையைத் துவட்டினார். எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னார். மழையைப் பற்றிப் பேசினார். தேத்தண்ணி வந்தது. பரீனாவின் வாப்பா கடையில் தகடு என்ன விலை போகிறது என்று விசாரித்தார். எல்லாம் முறைப்படிதான் போய்க்கொண்டிருந்தது. பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணி, அடகு காசு கொண்டாந்திருக்கேன். வட்டியும் இருக்கு. திங்கக்கெழம நீங்க வந்து கையெழுத்து மட்டும் போடுங்க. காப்ப ஒரு வருஷத்துக்கு எங்களுக்குக் குடுங்க, அப்புறம் திருப்பி வச்சிர்றேன்."

இப்படி ஒன்று நடக்கும் என்று செல்வி அக்கா நினைத்திருக்கவே மாட்டார். சாக்கைத் தட்டிப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். தட்டிக்கூடப் பார்க்காமல், அதை மீட்கவே காசு கொண்டுவந்திருக்கிறார் மனிதர். செல்வி அக்கா கணவரைப் பார்த்தார். கணேசன் அண்ணன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன். நான்காம் பாடத்தை நடத்திய ஆசிரியையும் அந்த அறையில்தான் இருந்தாள்.

தர்ஷினி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் சம்பல் கோப்பை. அதைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தில் சொன்னபடியே சித்தப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"சித்தப்பா, காப்ப குடுக்க மாட்டோம். அது என் படிப்புக்கு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? பயமாகத்தான் இருந்தது. செல்வி அக்கா, "ஏய்" என்று மெல்ல ஒரு சத்தம் போட்டதோடு சரி. சேகர் தேத்தண்ணியைக் குடித்தார். அவசரப்படாமல் குடித்தார். கடைசி மடக்கும் முடிந்ததும் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எத்தன வருஷம் படிப்பு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "முடிச்சா கவர்மென்ட் வேலை கெடைக்குமா?" அதற்கும் பதில் சொன்னாள். அவர் கவரை எடுத்துத் திரும்பப் பிளாஸ்டிக்கில் சுற்றினார். "சரி. சித்திக்கிட்ட மட்டும் இப்புடி நேரா சொல்லிராத புள்ள. நான் பாத்துக்கிறேன்." பிறகு, எங்கள் எல்லோருக்கும் மூச்சு வர வேண்டும் என்றே கேட்டாரோ என்னவோ, இடியப்பம் இருக்கிறதா என்று கேட்டார். செல்வி அக்கா ஓடிப்போய்த் தட்டு எடுத்துவந்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் போல இன்னொருவர் விரும்பிச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. விரும்பித்தான் சாப்பிட்டாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்? பரீனாவும் நானும் அந்தக் கிழமை முழுவதும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். வட்டி ஏறிவிட்டது என்றிருப்பார் என்றாள் அவள். ரசீது தொலைந்துபோனதாகச் சொல்லியிருப்பார் என்றேன் நான். சனிக்கிழமை செல்வி அக்கா வந்ததும் வராததுமாக எங்களை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத முகம்.

பவானி வந்திருக்கிறார். வெறுங்கையோடு இல்லை. ஒரு கிலோ சீனி, ஒரு பெட்டி பிஸ்கட், கொஞ்சம் திராட்சை. ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறவர்களைப் போல. வாசலிலேயே செல்வி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருக்கிறார்.

"ஏலத்துல போயிருச்சாமேக்கா! பாடுபட்டுச் சேத்த பொருளாச்சே!"

வட்டி கட்டத் தவறிய நகைகளை வங்கி ஏலத்தில் விடுவது வழக்கம்தான், பத்திரிகையிலும் அறிவித்தல் வரும். சேகர் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். காப்புகளே இல்லை என்று ஆகிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இல்லையே. செல்வி அக்காவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லையாம். பிறகு புரிந்துகொண்டு தானும் அழுதிருக்கிறார். பொய்யாகத்தான் அழ ஆரம்பித்ததாகவும், பவானி தலையைத் தடவிக்கொடுத்தபோது அது உண்மையான அழுகையாகிவிட்டதாகவும் சொன்னார். காப்பு விஷயத்தில் அதுவரை மனதுக்குள் பகையாக வைத்திருந்த ஒருத்தி, அந்தக் காப்புகளுக்காகவே கண்ணீர் விடுகிறாள் என்றால் யாருக்குத்தான் தாங்கும்?

அடுத்த கிழமை காப்புகள் உண்மையாகவே அடகுக்குப் போயின. தர்ஷினி கோர்ஸில் சேர்ந்தாள். பணம் எப்படி வந்தது என்று சொந்தத்தில் ஒருவரும் கேட்கவில்லை, சீட்டு விழுந்ததாகவோ கடன் பட்டதாகவோ அவர்களே நினைத்துக்கொண்டார்கள். ஏலத்தில் நகையைப் பறிகொடுத்த குடும்பத்திடம் யார் போய்த் துருவுவார்கள்? அந்தக் காலாண்டு அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது: நான்காம் பாடத்தின் பின் மறுத்துப் பழகியவர்கள் எத்தனை பேர்? ஒருவர் என்று நிரப்பி அனுப்பினேன். இத்தனை வகுப்புக்கு ஒருவர்தானா என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். மறுப்பை வாங்கிக்கொள்ளப் பழகியவர் ஒருவர் என்று இன்னொரு கட்டம் இருந்திருந்தால் அதையும் நிரப்பியிருப்பேன். அப்படி ஒரு கட்டம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

சேகர் வான் எடுக்கவேயில்லை. பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் ஓட்டுகிறார், வேறு யாருடையதோ வாகனத்தை. வான் எடுத்திருந்தால் போயிருக்க மாட்டாரோ என்று தர்ஷினி ஒருமுறை என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது. படிப்பு முடித்து, வேலைக்குப் போய், அவள் முதலில் செய்த காரியம் அம்மாவுக்குப் புதிதாக இரண்டு காப்புகள் வாங்கியது. செல்வி அக்கா அவற்றைப் போட்டுக்கொண்டுதான் எல்லா விசேஷங்களுக்கும் போகிறார். பவானி கேட்டால் கவரிங் என்கிறார்.

இப்போது அந்த வகுப்பும் இல்லை, நிறுவனமும் இல்லை. பரீனா கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். பேக்கரி இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். தங்கம் விற்கிற விலையில் குடை வாங்கும் தொகைக்குக் காப்பை அடகு வைப்பேன் என்றால் பித்தளையோ என்று சந்தேகப்படுவார்கள். சாவியைத் தம்பி கொண்டுபோக முடியாது, சாவியே கிடையாது. வங்கி பூட்டியிருக்கிறது என்று சொல்ல முடியாது, வங்கி போனுக்குள் இருபத்துநாலு மணி நேரமும் விழித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் பாஸ் புத்தகம் இன்றைக்கு எந்த அலுமாரியில் இருந்தாலும் ஒன்றுதான். நான் அன்றைக்குத் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்தது இப்போது ஒருவரும் கற்றுக்கொடுக்காமலே எல்லோருக்கும் வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். படத்தான் பார்க்கிறேன்.

தர்ஷினி குடும்பம் இப்போது குண்டசாலையில் எனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். செல்வி அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். தர்ஷினியின் போன் சத்தம் போட்டது. சேகரின் மகன் கிஷோர், இப்போது பெரியவனாகிக் கட்டுகஸ்தோட்டையில் வேலை செய்கிறான். ஏதோ பரீட்சைக் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைகிறதாம், கேட்டிருக்கிறான். இந்தப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

"அம்மா, கிஷோருக்குக் கொஞ்சம் காசு வேணுமாம்" என்றாள்.

செல்வி அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புடியா? அப்ப சோறு கூட வைக்கிறேன். கருவாடு இருக்கு, அவனுக்குப் புடிக்கும்." கண்ணாடி அலுமாரியைத் திறந்து இன்னொரு கோப்பையையும் எடுத்து மேசையில் வைத்தார். "எத்தன மணிக்கு வர்றானாம்?"

தர்ஷினி போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"எதுக்கும்மா வரணும்? அனுப்பிட்டேன்."

செல்வி அக்கா அந்தக் கோப்பையை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.